கழுத்தில் உறுத்தும் லேபிள் என்ன சொல்கிறது?

கேள்வி: சமீபத்தில் இரண்டு மேலாடைகள் வாங்கினேன். வழவழவென்று இருந்த டாப் ஒன்றை மெஷினில் துவைத்து, டிரையரில் காயவைத்து எடுத்தேன். முதல் தடவையிலேயே இடுப்புக்கு மேலே ஏறிவிட்டது. இன்னொன்று டீ-சர்ட். நாலைந்து துவைப்பிலேயே முன்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டி உருண்டைகள் கிளம்பிவிட்டன. இரண்டுமே மலிவானவை அல்ல. கழுத்தில் உறுத்துகிறது என்று லேபிளை வாங்கிய அன்றே வெட்டிவிடுவது என் வழக்கம். நல்ல வேளையாக டாப்பின் லேபிள் தையல் பெட்டியில் கிடந்தது. ‘95% விஸ்கோஸ், 5% எலாஸ்டேன்’ என்று போட்டு, கீழே வரிசையாகப் படங்கள்: 30 என்று எழுதிய தொட்டி, அதன் அடியில் ஒரு கோடு, பெருக்கல் குறி போட்ட முக்கோணம், சதுரத்துக்குள் வட்டம், அதன் மேலும் பெருக்கல் குறி, ஒரு புள்ளி வைத்த இஸ்திரிப் பெட்டி, ‘பி’ எழுத்துள்ள வட்டம். டீ-சர்ட்டில் ‘60% காட்டன், 40% பாலியஸ்டர்’. இதையெல்லாம் எப்படிப் படிப்பது? படித்தால் வாங்கும்போதே ஏமாறாமல் இருக்க முடியுமா? ஆன்லைனில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? கடையில் புகார் சொல்ல எனக்கு நியாயம் உண்டா?

பதிலளிப்பவர்: துணிப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றும் ஜவுளித் தொழில்நுட்பர்

லேபிளில் இருந்ததை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், மிகவும் நன்றி. பொதுவாக “துணி சுருங்கிவிட்டது, என்ன செய்வது?” என்று மட்டும்தான் கடிதம் வரும். என்ன நார், எப்படித் துவைத்தார்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்லவே முடியாது. உங்கள் விஷயத்தில் இரண்டு ஆடைக்கும் என்ன நடந்தது என்பதை அந்த லேபிள்களை வைத்தே சொல்லிவிடலாம். வாங்குவதற்கு முன்னால் படித்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

முதலில் டாப். விஸ்கோஸ் என்பது மரக்கூழைக் கரைத்து, அதிலிருந்து திரும்ப நாராக இழுப்பது. ரேயான் என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் இதுதான். தொட்டால் குளுகுளுவென்று இருக்கும், அழகாக வழிந்து விழும், சாயத்தை நன்றாக வாங்கும். அதன் பலவீனம் தண்ணீர். நனைந்தால் நார் ஊதிக்கொள்ளும். வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். பின்னலாடையாக இருந்தால், தயாரிக்கும்போது இழுத்துப் பிடிக்கப்பட்ட கண்ணிகள் எல்லாம் நனைந்ததும் தளர்ந்து, தம் இயல்பான அளவுக்குத் திரும்பப் பார்க்கும். அந்த நேரத்தில் சூடும் உருட்டலும் சேர்ந்தால் துணி நன்றாகவே ஏறிவிடும். இது தெரிந்துதான் உங்கள் லேபிளில் தொட்டிக்கு 30 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதிகபட்சம் 30 டிகிரி செல்சியஸ் என்று பொருள். அடியில் உள்ள ஒரு கோடு, மெஷினை மென்மையான சுற்றில் ஓட்டுங்கள், நிறையத் துணி திணிக்காதீர்கள் என்கிறது. சதுரத்துக்குள் வட்டம் என்றால் டிரையர். அதன் மேல் பெருக்கல் குறி என்றால் டிரையர் கூடவே கூடாது. உங்கள் டாப்பைச் சுருக்கியது பெரும்பாலும் அந்த டிரையர்தான்.

அதைக் கொஞ்சம் மீட்கப் பார்க்கலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, முறுக்கிப் பிழியாமல் ஒரு துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுங்கள். பிறகு தட்டையாக விரித்து, நீளவாக்கில் கையால் மெதுவாக நீவி நீவி இழுத்து, அப்படியே நிழலில் காயவிடுங்கள். ஈரமான விஸ்கோஸ் எளிதில் கிழியும் என்பதால் பலமாக இழுக்கக் கூடாது. பழைய நீளம் முழுக்கத் திரும்பாது. உடுத்தும் அளவுக்கு வந்தாலே லாபம்.

இனி டீ-சர்ட். தேய்மானத்தில் துணியின் மேற்பரப்பிலிருந்து சின்னச் சின்ன நார் முனைகள் வெளியே வரும். அவை ஒன்றோடொன்று சிக்கி உருண்டையாகும். வெறும் காட்டனிலும் இது நடக்கும், ஆனால் காட்டன் நாருக்கு அவ்வளவு வலு கிடையாது. உருண்டை கொஞ்ச நாளில் அறுந்து உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் கலந்திருந்தால் அந்த வலுவான நார் உருண்டையை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கலப்புத் துணியிலும் அக்ரிலிக் (கம்பளி போலத் தோன்றும் செயற்கை நார்) ஸ்வெட்டரிலும் இந்தத் தொல்லை அதிகம். இதில் உங்கள் துவைப்பைக் குறை சொல்ல மாட்டேன். இனிமேல் உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்டுத் துவையுங்கள்; ஜீன்ஸ், ஜிப் வைத்த உடைகளோடு சேர்க்காதீர்கள்.

கலப்பு என்றாலே மட்டம் என்று சொல்லவில்லை. சட்டைகளில் பாலியஸ்டர் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது: கசங்காது, சீக்கிரம் காயும், நீண்ட நாள் உழைக்கும். வியர்க்கும் உடம்புக்கு அது எவ்வளவு ஒத்துவரும் என்பதுதான் கேள்வி. சாதாரண ஈரப்பதத்தில் காட்டன் தன் எடையில் 7, 8 சதவீதம் வரை ஈரத்தைத் தன்னுள் வைத்துக்கொள்ளும், கம்பளி அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாலியஸ்டருக்கு அரை சதவீதம்கூடக் கிடையாது. உடம்பின் எண்ணெய்ப் பசையை அது பிடித்துக்கொள்வதால் துவைத்த பிறகும் வாடை லேசாகத் தங்கும். உடம்போடு ஒட்டி நாள் முழுக்கப் போடுகிற உடையில் இந்தச் சதவீதத்தை நான் கண்டிப்பாகப் பார்ப்பேன். மேலே போட்டுக்கொள்ளும் ஜாக்கெட்டில் அதைப் பற்றி அவ்வளவு கவலைப்பட மாட்டேன்.

ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் ‘முடியும்’ என்பதே. ஒரு ஆடையை வாங்கும்போது அதைப் பராமரிக்கும் வேலையையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். எத்தனை வருடம் துவைப்பது, எதில் துவைப்பது, யாரிடம் கொடுப்பது, எவ்வளவு நேரம் இஸ்திரி போடுவது எல்லாம் அந்த ஆடையின் விலையில் சேர்ந்தவை. விலைச்சீட்டு அதைச் சொல்லாது. உள்ளே தைத்திருக்கும் லேபிள் சொல்லும். அதனால் கடையில் ஒரு உடையைக் கையில் எடுத்ததும் அதன் பக்கவாட்டுத் தையலையோ கழுத்தையோ புரட்டி லேபிளைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வெளியே தொங்கும் அட்டை வேறு, உள்ளே தைத்த லேபிள் வேறு. அட்டை பெரும்பாலும் விளம்பரம். பல நாடுகளில் சட்டம் கேட்கிற தகவல் தைத்த லேபிளில்தான் இருக்கும். அமெரிக்காவில் நார் விவரத்தை எழுத வேண்டும் என்ற சட்டம் 1958இலும், துவைக்கும் முறையைச் சொல்லும் லேபிள் வேண்டும் என்ற விதி 1971இலும் வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் நார் விவரத்துக்கான இப்போதைய விதிமுறை 2011ஆம் ஆண்டுடையது.

நார் விவரத்தைப் படிப்பதில் ஒரே ஒரு சூட்சுமம்தான். எது அதிகமோ அது முதலில் வரும். அட்டையில் ‘கம்பளிக் கலவை’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். லேபிளைப் புரட்டினால் 70% அக்ரிலிக், 22% பாலியஸ்டர், 8% கம்பளி என்று இருக்கும். பொய் ஒன்றும் இல்லை, ஆனால் நீங்கள் கம்பளிக்கு நினைத்துக் கொடுக்கும் காசு அக்ரிலிக்குக்குப் போகிறது. சின்ன சதவீதம் எல்லாமே வீண் என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஜீன்ஸில் 2% எலாஸ்டேன், அதாவது இழுபடும் நார், இருந்தாலே உட்கார்ந்து எழுவதில் வித்தியாசம் தெரியும். ஸ்பான்டெக்ஸ் என்பதும் அதுவே, லைக்ரா அதன் ஒரு வணிகப் பெயர். அதற்குச் சூடும் குளோரினும் ஆகாது. முழங்கால் தொளதொளத்துப் போன பேன்ட்டுகள் பலவற்றில் இழுவை நூல் சூட்டில் செத்திருக்கும்.

சாட்டின், ஜார்ஜெட், ஷிஃபான், கிரேப், வெல்வெட் என்று எழுதியிருந்தால் அங்கே நிற்காதீர்கள். அவை நெசவையும் துணியின் தோற்றத்தையும் சொல்பவை. எந்த நாரால் ஆனது என்று சொல்லாது. சாட்டினைப் பட்டிலும் நெய்யலாம், பாலியஸ்டரிலும் நெய்யலாம். இரண்டுக்கும் விலையில், உடுத்தும் சுகத்தில், துவைக்கும் முறையில் ஒட்டே இல்லை. ‘சில்க் ஃபீல்’, ‘சில்க்கி’ என்று இருந்தால் பெரும்பாலும் உள்ளே பட்டு இருக்காது. மூங்கில் துணி என்று விற்பதும் இப்படித்தான். மூங்கிலைக் கரைத்து எடுக்கும் மென்மையான துணி அநேகமாக விஸ்கோஸே. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2009இலிருந்தே, விஸ்கோஸை வெறும் ‘மூங்கில்’ என்று விற்ற நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்து வருகிறது. உங்கள் டாப் பட்ட பாட்டை அதுவும் படும் என்று நினைத்துத் துவையுங்கள். விஸ்கோஸின் வழவழப்பு பிடித்திருக்கிறது, ஆனால் இத்தனை பக்குவம் பார்க்க முடியாது என்றால் மோடல் அல்லது லையோசெல் என்று எழுதியதைத் தேடுங்கள். ஒரே குடும்பம்தான், ஈரத்தில் கொஞ்சம் கூடுதல் வலு.

கோட், ஜாக்கெட் போன்றவற்றில் வெளித்துணி, லைனிங், உள்ளடைப்பு என்று தனித்தனியாக எழுதியிருப்பார்கள். மூன்றையும் படியுங்கள். வெளியே நல்ல கம்பளி இருந்து, உடம்பில் படும் லைனிங் முழுக்கப் பாலியஸ்டராக இருந்தால் வேர்த்துக் கொட்டும்.

இனி அந்தப் படங்கள். ஐந்து வடிவம்தான், பொதுவாக ஒரே வரிசையில்தான் வரும்: துவைத்தல், வெளுத்தல், உலர்த்தல், இஸ்திரி, தொழில்முறைச் சலவை. 1963இல் பாரிஸில் தொடங்கிய கினெடெக்ஸ் அமைப்பின் குறியீடுகள் இவை; ஐ.எஸ்.ஓ 3758 என்ற சர்வதேசத் தரமும் இவற்றை வைத்துத்தான். எதன் மேல் பெருக்கல் குறி விழுந்தாலும் ‘செய்யாதே’. தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டும் துவைக்க வேண்டும். அடியில் இரண்டு கோடு என்றால் இன்னும் மென்மையாக. முக்கோணம் வெறுமையாக இருந்தால் எந்த பிளீச்சும் போடலாம், உள்ளே இரண்டு சாய்கோடு இருந்தால் குளோரின் இல்லாதது மட்டும். சதுரத்துக்குள் நேர்கோடு என்றால் கொடியில் தொங்கவிடலாம். படுக்கைக் கோடு என்றால் தட்டையாக விரித்துத்தான் காயவைக்க வேண்டும். கனமான பின்னலாடையைத் தொங்கவிட்டால் தன் எடையிலேயே நீண்டுவிடும் என்பதற்காக. மூலையில் சாய்கோடு இருந்தால் நிழல். இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு என்றால் நடுத்தரச் சூடு, மூன்று என்றால் அதிகச் சூடு. உங்கள் டாப்புக்கு ஒரு புள்ளி.

தொட்டியில் உள்ள எண்ணும் இஸ்திரிப் பெட்டியின் புள்ளியும் உச்ச வரம்பு. 40 போட்ட சட்டையை 40இல்தான் துவைக்க வேண்டும் என்பதில்லை. அழுக்கு அதிகம் இல்லாதபோது 30இல், ஏன், குளிர்ந்த நீரிலும் துவைக்கலாம். துணிக்கு அது நல்லதுதான். வரம்பைத் தாண்டுவதுதான் தவறு.

வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது கடைசிப் படமான வட்டத்தைத்தான். உள்ளே ‘பி’ அல்லது ‘எஃப்’ இருந்தால் ட்ரை கிளீனிங்குக்கு எந்தக் கரைப்பான் ஏற்றது என்று சலவைக்காரருக்குச் சொல்கிறார்கள். ‘டபிள்யூ’ என்றால் தொழில்முறை ஈரச் சலவை. உங்கள் டாப்பில் ‘பி’ இருக்கிறது என்பதற்காக அதைக் கடையில் கொடுத்தே ஆக வேண்டும் என்று அர்த்தமில்லை, தொட்டியின் மேல் பெருக்கல் குறி இல்லையே. ஆனால் தொட்டியில் பெருக்கல் குறி போட்டு, வட்டத்தில் எழுத்து மட்டும் இருந்தால் அந்த உடை ஒவ்வொரு முறையும் வீட்டை விட்டு வெளியே போய்த்தான் சுத்தமாகி வரும். விசேஷத்துக்கு வருடத்தில் ஓரிரு முறை உடுத்துவதாக இருந்தால் சரி. வேலைக்கு வாரம் இரண்டு நாள் போடும் உடை என்றால், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் திரும்ப மாட்டிவிட்டு வந்துவிடுங்கள். தள்ளுபடியில் மிச்சமான காசு சில மாதத்தில் சலவைக்குப் போய்விடும்.

‘தனியாகத் துவைக்கவும்’, ‘அடர் நிறங்களோடு மட்டும்’ என்ற வரிகளையும் கவனியுங்கள். சாயம் விடும் என்பதை மரியாதையாகச் சொல்கிறார்கள். கைக்குட்டையின் மூலையை நனைத்து, உடையின் உட்புறத் தையல் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கடையில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

லேபிள் சொல்லாத விஷயங்களும் உண்டு. நூல் நீளமான நாரால் நூற்றதா, நெசவு எவ்வளவு நெருக்கம், தையல் எப்படி என்பதெல்லாம் அதில் இருக்காது. 100% காட்டன் என்று எழுதிய இரண்டு டீ-சர்ட்டில் ஒன்று ஐந்து வருடம் உழைக்கும், ஒன்று ஐந்து மாதத்தில் நைந்துவிடும். அங்கே கண்ணும் கையும்தான் துணை. துணியை மடித்து அதன் மேலேயே விரலால் கொஞ்ச நேரம் தேய்த்துப் பாருங்கள். இப்போதே பஞ்சு பஞ்சாகக் கிளம்பினால் உருண்டை வருவது நிச்சயம். நெசவு எவ்வளவு நெருக்கம் என்று தெரிய, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பக்கத் தையலின் இரு புறமும் மெல்ல இழுங்கள். தையல் இடைவெளி விட்டுப் பல்லிளித்தால் வேண்டாம். பின்னலாடையின் பக்கத் தையல் ஏற்கெனவே முன்பக்கம் வளைந்து வந்திருக்கிறதா என்றும் பாருங்கள், துவைத்தால் இன்னும் திருகும்.

சான்று முத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாக. ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100, 1992இலிருந்து இருக்கிறது. தீங்கான ரசாயனங்களுக்காகச் சோதித்தது என்று அர்த்தம், இயற்கை விவசாயப் பருத்தி என்று அர்த்தமில்லை. அதைத் தேடுபவர்கள் ஜி.ஓ.டி.எஸ் (உலகளாவிய ஆர்கானிக் ஜவுளித் தரம்) முத்திரையைப் பார்க்க வேண்டும். அதில் ‘ஆர்கானிக்’ என்று போட 95 சதவீதமும், ‘ஆர்கானிக் நாரைக் கொண்டு செய்தது’ என்று போட 70 சதவீதமும் இயற்கை முறை நார் தேவை. எந்த நாட்டில் தைத்தது என்ற வரியை வைத்துத் தரத்தை எடை போடுவதை நான் ஏற்பதில்லை. ஒரே நாட்டிலிருந்து அருமையான துணியும் வரும், சுமாரான துணியும் வரும்.

அளவு லேபிளை நம்பவே வேண்டாம். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் லார்ஜ். பெண்கள் உடைகளுக்கு அமெரிக்க அரசு வைத்திருந்த பொதுவான அளவுத் தரத்தை 1983லேயே விலக்கிக்கொண்டது. அவரவர் அட்டவணை அவரவருக்கு. உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் ஒரு உடையைத் தரையில் விரித்து மார்பு, தோள், நீளம் மூன்றையும் அளந்து போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் அட்டவணையில் உள்ளது உடம்பின் அளவா, உடையின் அளவா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். இதைக் குழப்பிக்கொண்டுதான் நிறையப் பேர் திருப்பி அனுப்புகிறார்கள்.

ஆன்லைனில் தலைப்பைப் படித்து வாங்காதீர்கள். கீழே ‘துணி விவரம்’, ‘பராமரிப்பு’ என்ற பகுதிக்குப் போய்ச் சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பிரீமியம் துணி’, ‘மென்மையான கலவை’ என்று மட்டும் இருந்தால் லேபிளின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தராத இடத்தில் நான் வாங்க மாட்டேன். பார்சல் வந்ததும், போட்டுப் பார்ப்பதற்கு முன், தைத்த லேபிளில் உள்ளதும் அவர்கள் பக்கத்தில் எழுதியதும் ஒன்றா என்று சரிபாருங்கள்.

உறுத்தும் லேபிளை எடுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கத்தரியால் ஒட்ட வெட்டினால் மிஞ்சும் விளிம்புதான் இன்னும் அதிகமாகக் குத்தும். தையல் பிரிக்கும் ஊசியால் அதைப் பிடித்திருக்கும் நூலை மட்டும் அறுத்து முழுதாக எடுங்கள். ஆனால் திருப்பிக் கொடுக்க மாட்டோம் என்று உறுதியான பிறகே. எடுப்பதற்கு முன் லேபிளின் இரண்டு பக்கத்தையும், கூடவே உடையையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, புகார். டாப்பைப் பற்றி உங்களுக்கு வழக்கு இல்லை. டிரையர் கூடாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதை டிரையரில் போடாமல், லேபிளில் உள்ளபடியே துவைத்தும் சுருங்கியிருந்தால் கதையே வேறு. அந்த வழிமுறையைச் சோதித்து உறுதி செய்துகொண்டு எழுதுவது தயாரித்தவரின் பொறுப்பு. டீ-சர்ட்டை லேபிளில் உள்ளபடிதான் துவைத்தீர்கள் என்றால் தாராளமாகக் கடைக்கு எழுதுங்கள். உருண்டை கிளம்பிய இடத்தின் படம், லேபிளின் படம், ரசீது மூன்றையும் இணைத்து, எத்தனை தடவை, எந்த வெப்பத்தில், எதில் துவைத்தீர்கள், எப்படிக் காயவைத்தீர்கள் என்று இரண்டே வரியில் சொல்லுங்கள். கோபமாக எழுதும் ஒரு பக்கக் கடிதத்தை விட அந்த இரண்டு வரிக்குத்தான் சீக்கிரம் பதில் வரும். நாலைந்து துவைப்பில் முன்பக்கம் முழுக்க உருண்டை என்பது கேட்கத் தகுந்த குறைதான்; மாற்றித் தரச் சொல்லியே கேளுங்கள்.